கட்டிய இடத்தில் மேய்ந்த மாடு: சியரா லியோனின் மண்ணும் பொருளாதாரமும்

"வைரம், இரும்பு, ரூட்டைல் என்ற டைட்டானியத் தாது, பாக்சைட், தங்கம் என்று இத்தனை இருக்கிற மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில், போர் முடிந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் மக்கள் ஏன் அரிசிக்குத் திண்டாடுகிறார்கள்? ஊழலை ஒழித்துக் கனிமத்தை ஒழுங்காக விற்றாலே அந்த நாடு மீண்டுவிடாதா?" இதுதான் கேள்வி.

ஊழல் பெரிய காரணம்தான். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நடந்ததில் பாதிதான் விளங்கும். மண்ணுக்கு அடியில் அந்தக் கனிமம் எந்த வடிவத்தில் கிடக்கிறது, அதை முதலில் கையில் எடுப்பவன் யார், எடுக்கும்வரை அவனுக்குச் சோறு போடுபவன் யார் என்று பார்த்தால்தான் மீதி விளங்கும். அதோடு, போருக்குப் பிறகு அந்த நாட்டை முதலில் எழுப்பி நிறுத்தியது வைரம் அல்ல, நெல். இது வெளியே அதிகம் பேசப்படாததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கிழக்கே கோனோ மாவட்டத்தில் 1930-இல் முதல் வைரம் கிடைத்தது. 1935-இல் டி பீர்ஸ் வைரக் குழுமத்தோடு தொடர்புடைய சியரா லியோன் செலக்ஷன் டிரஸ்ட் என்ற நிறுவனம் 99 ஆண்டுகளுக்கு வைரம் தோண்டும் ஏக உரிமையைப் பெற்றது. பத்திரத்தில் இருந்த அந்த உரிமை ஆற்றங்கரையில் செல்லுபடியாகவில்லை. ஏனென்றால் அங்கே வைரத்தில் பெரும்பகுதி ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. கிம்பர்லைட் எனும் எரிமலைக் குழாய்களில் பிறந்த கற்கள் கோடிக்கணக்கான ஆண்டு மழையில் அரித்து, செவா, பாஃபி போன்ற ஆறுகளின் படுகைகளில் வண்டலோடு வண்டலாகப் பரவிக் கிடக்கின்றன. சில அடி மேல்மண்ணை வெட்டித் தள்ளினால் சரளைப் படுகை வந்துவிடும். அதை அள்ளித் தண்ணீரில் சலித்தால் வேலை முடிந்தது. மண்வெட்டி, வாளி, சல்லடை, நாலு ஆள் போதும். இப்படிப்பட்ட நிலத்துக்கு வேலி போட எந்த நிறுவனத்தாலும் முடியாது, எந்த அரசாலும் முடியாது. 1950-களில் பல்லாயிரம் பேர் கோனோவுக்குத் திரண்டார்கள். 1956-இல் அரசே இறங்கி வந்து, உரிமம் வாங்கிக்கொண்டு சிறிய அளவில் தோண்டலாம் என்று அனுமதிக்க வேண்டியதாயிற்று.

அந்த வைர வேட்டை இன்னொன்றையும் செய்தது. ஆட்கள் ஆற்றங்கரைக்குப் போனதில் வயல்கள் ஆளில்லாமல் கிடந்தன. அதுவரை தனக்கு வேண்டிய அரிசியைப் பெரும்பாலும் தானே விளைவித்துக்கொண்ட நாடு, அந்தப் பத்தாண்டில்தான் அரிசி இறக்குமதி செய்யத் தொடங்கியது. வைரமும் அரிசியும் அன்றிலிருந்தே பிணைந்தவை. கீழே மறுபடியும் இதற்கு வருவேன்.

வைரத்தால் முன்னேறிய போட்ஸ்வானாவைப் பார்த்து இவர்கள் கற்றுக்கொள்ளவில்லையே என்று பலரும் சொல்வார்கள். அது நியாயமான ஒப்பீடு அல்ல. போட்ஸ்வானாவின் வைரம் ஒராபா, ஜ்வனெங் போன்ற சில பெரிய கிம்பர்லைட் குழாய்களில் குவிந்து கிடக்கிறது. சுற்றி வேலி, ஒரு வாசல், உள்ளே கனரக இயந்திரங்கள். அரசும் டி பீர்ஸும் சரிபாதியாகச் சேர்ந்து ஒரு நிறுவனம் வைத்தால் கணக்கு கையில் இருக்கும். நல்ல தலைமை அங்கே இருந்தது உண்மை. ஆனால் அந்தத் தலைமைக்கு மண்ணும் ஒத்துழைத்தது. சியரா லியோனிலும் கொய்டு நகரத்தை ஒட்டி கிம்பர்லைட் குழாய்கள் உண்டு. என்றாலும் பெருந்திரளான மக்களுக்குப் பிழைப்பாக இருந்தது ஆற்றுப்படுகை வைரம்தான்.

அந்தப் பிழைப்பு நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவரிடம் பெரும்பாலும் பணம் இருக்காது. பணம் போடுகிறவரை அங்கே 'சப்போர்ட்டர்' என்பார்கள். பல நேரம் அவர் வைர வியாபாரி. பல தலைமுறையாக அங்கே வாழும் லெபனான் வம்சாவளிக் குடும்பங்கள் இந்தத் தொழிலில் வலுவாக இருக்கின்றன. தோண்டும் கூலியாளுக்கு நாளுக்கு இரண்டு கோப்பை அரிசி, கொஞ்சம் கைச்செலவு, கல் கிடைத்தால் விற்ற பணத்தில் ஒரு பங்கு. விளைச்சலில் பங்குக்காக வாரத்துக்கு உழுகிறவனின் நிலைதான் இது. விளைச்சலில் பங்கு உண்டு என்பதால் அவன் கூலி கேட்க முடியாது, விளைச்சலே இல்லாத மாதங்களில் சோற்றுக்கே கடன்காரன் ஆகிறான். கல் கிடைத்தாலும் அதை முதலில் வாங்கும் உரிமை சப்போர்ட்டருக்கு. விலையைச் சொல்பவரும் அவரே. தோண்டியவனுக்குத் தன் கையில் இருக்கும் கல்லின் தரமும் தெரியாது, பெல்ஜியத்தின் வைரச் சந்தையான ஆன்ட்வெர்ப்பில் அது என்ன விலைக்குப் போகும் என்பதும் தெரியாது.

அரசு இதில் ஏன் கூடுதல் வரி போடவில்லை என்று அடுத்து கேட்பார்கள். போட முடியாது. கைப்பிடி வைரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டலாம், லைபீரியாவும் கினியாவும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஏற்றுமதி வரி 3 சதவீதம்தான். அதைக் கூட்டினால் கல் அண்டை நாட்டுக் கணக்கில் ஏறிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. வைரம் வாங்கும் வியாபாரிகளில் பலர் அரிசி, சிமென்ட், துணி இறக்குமதி செய்பவர்களும்கூட. உள்ளூரில் சம்பாதித்த லியோன் நாணயத்தை வெளிநாட்டில் செல்லும் பணமாக மாற்ற அவர்களுக்கு வைரம் ஒரு வழி. வைரத்தில் லாபமே இல்லாவிட்டாலும் அரிசியில் எடுத்துவிடலாம். அதனால் சட்டப்படி வாங்கி ஏற்றுமதி செய்ய நினைக்கும் நேர்மையான வியாபாரியால் இவர்களோடு போட்டி போட முடிவதில்லை.

இப்போது அரசியலுக்கு வருகிறேன், ஏனென்றால் 1968-இலிருந்து 1985 வரை ஆண்ட சியாக்கா ஸ்டீவன்ஸை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்த நாட்டின் பொதுப் பேச்சு மொழியான கிரியோவில் ஒரு பழமொழி உண்டு: மாட்டை எங்கே கட்டுகிறாயோ அங்கேதான் அது மேயும். பதவியில் இருப்பவன் அந்தப் பதவியில் மேய்வது இயல்பு என்பதற்கு அந்த ஆட்சிக்காலத்தில் இந்தப் பழமொழிதான் நியாயம் சொன்னது. 1971-இல் வைர நிறுவனத்தின் 51 சதவீதம் அரசுடைமை ஆனது. காகிதத்தில் நல்ல முடிவு. நடைமுறையில் வைரம் ஆட்சியாளரின் சொந்த வட்டத்துக்குள் போனது. 1970-இல் இருபது லட்சம் காரட்டுக்கு மேல் இருந்த கணக்கில் வந்த ஏற்றுமதி, 1980-இல் 5,95,000 காரட்டாகவும் 1988-இல் வெறும் 48,000 காரட்டாகவும் சுருங்கியது. மண்ணில் வைரம் தீர்ந்துவிடவில்லை, கணக்கிலிருந்துதான் காணாமல் போனது.

வைரத்தைவிட எனக்கு அதிகம் வலிப்பது விவசாயிக்கு நடந்தது. கோகோ, காபி, பனங்கொட்டை எல்லாவற்றையும் அரசின் விளைபொருள் வாரியத்துக்கே விற்க வேண்டும். 1980-களின் நடுவில் கோகோ விவசாயியின் கைக்கு வந்தது உலகச் சந்தை விலையில் ஒரு சிறு பங்குதான். தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து தெற்கையும் கிழக்கையும் ஊடுருவிப் பெண்டெம்பு வரை போன ரயில் பாதை 1970-களின் நடுவில் மூடப்பட்டு, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. ரயில் நட்டத்தில் ஓடியது உண்மை. ஆனால் அது ஓடிய பகுதி எதிர்க்கட்சியின் கோட்டை என்பதும் உண்மை. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் செலவு அதற்குப் பிறகு விவசாயியின் தலையில் விழுந்தது. 1972-இல் உள்ளாட்சி மன்றங்கள் கலைக்கப்பட்டன, 1978-இல் ஒரே கட்சி ஆட்சி வந்தது. 1980-இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உச்சி மாநாட்டை நடத்த நாட்டின் சக்திக்கு மீறிச் செலவிட்டார்கள். அடுத்து வந்த ஜனாதிபதி மோமோவின் ஆட்சியில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. 1827-இலேயே ஃபூரா பே கல்லூரியைப் பெற்று, மேற்கு ஆப்பிரிக்காவின் ஏதென்ஸ் என்று பெயர் வாங்கிய நாட்டில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன.

1991 மார்ச் 23 அன்று ஃபோடே சங்கோவின் ஆயுதக் குழு லைபீரியாவிலிருந்து கைலாஹுன் மாவட்டத்துக்குள் நுழைந்தபோது, அதை எதிர்த்து நிற்க அரசு என்று ஒன்று கிராமத்தில் இல்லை. போருக்குப் பின் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2004-இல் இதைத் தெளிவாகவே சொன்னது: போரின் மூல காரணம் வைரம் அல்ல; ஆண்டாண்டு காலமாகப் புரையோடிய பேராசையும் ஊழலும், மக்களின் கண்ணியத்தைப் பறித்த ஆட்சியும்தான். வைரம் தீயை மூட்டவில்லை, மூண்ட தீக்கு எண்ணெய் ஊற்றியது. 'ரத்த வைரம்' என்ற சொல்லைக் கேட்டே பழகிய நமக்கு இந்த வேறுபாடு முக்கியம். கிராமத்து இளைஞனுக்கு நிலம் கேட்டால் குடித்தலைவர் தயவு வேண்டும், வழக்கென்றால் அவரே நீதிபதி, அபராதம் கட்ட முடியாவிட்டால் கூலியில்லாத வேலை. அந்தக் கசப்பிலிருந்து ஓடியவர்களில் பலர் கோனோவின் குழிகளில்தான் போய்ச் சேர்ந்தார்கள். குழியிலிருந்து துப்பாக்கிக்கு அதிக தூரம் இல்லை.

போரின் கொடுமைகளை இங்கே நான் விவரிக்கப் போவதில்லை. பொருளாதாரத்துக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். சுமார் 50,000 பேர் உயிரிழந்தார்கள், மக்கள்தொகையில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. பகலில் சிப்பாயாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் இருந்தவர்களுக்கு மக்கள் 'சோபெல்' என்று பெயர் வைத்தார்கள். 1995 தொடக்கத்தில் கிளர்ச்சியாளர்கள் தெற்கே ரூட்டைல் சுரங்கத்தையும் பாக்சைட் சுரங்கத்தையும் தாக்கியதும் இரண்டும் நின்றன. வெள்ளை பெயின்ட்டுக்கான நிறமிக்கும் டைட்டானியத்துக்கும் மூலப்பொருளான ரூட்டைலில் சியரா லியோன் உலகின் முக்கிய நாடு. போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய பாதியை அது தந்தது. ஒரே அடியில் அது போயிற்று. கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்த வைரம் லைபீரியா வழியாக வெளியேறியது. அதன் மதிப்பு ஆண்டுக்கு 2.5 கோடி டாலரிலிருந்து 12.5 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2000-இல் மதிப்பிட்டது. அதே காலத்தில், 1999-இல், அரசின் கணக்கில் வந்த வைர ஏற்றுமதி பதினைந்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் கிளர்ச்சியாளர்களோடு அரசு செய்த லோமே அமைதி ஒப்பந்தம் சங்கோவுக்குப் பொதுமன்னிப்பு தந்ததோடு, நாட்டின் கனிமங்களை மேலாண்மை செய்யும் ஆணையத்தின் தலைவர் பதவியையும் துணை ஜனாதிபதிக்கு நிகரான தகுதியோடு கொடுத்தது. எத்தனை முறை படித்தாலும் என்னால் அமைதியாகக் கடக்க முடியாத ஷரத்து அது. அடுத்த ஆண்டே ஒப்பந்தம் உடைந்தது. ஐ.நா. படையினர் 500 பேர் வரை பிடித்து வைக்கப்பட்டார்கள். கைலாஹுனில் முற்றுகையிடப்பட்டிருந்த இந்திய வீரர்கள் 2000 ஜூலையில் குக்ரி நடவடிக்கை மூலம் சண்டையிட்டு வெளியேறினார்கள். பிரிட்டிஷ் படையின் வருகையும், பெருகிய ஐ.நா. படையும், கினியாவின் பதிலடியும் சேர்ந்துதான் கிளர்ச்சியை ஒடுக்கின. 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இனி மீட்சி. 2002-இல் நாட்டின் மொத்த உற்பத்தி 25 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. பலர் இதைப் பார்த்துவிட்டு வைரம் திரும்பி வந்ததால் என்று எழுதினார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அந்த வளர்ச்சியின் முதுகெலும்பு விவசாயம்தான். முகாம்களிலிருந்து லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். திரும்பியவர்களின் முதல் பிரச்சினை விதைநெல். பஞ்சத்தில் விதைநெல்லைக் குத்தித் தின்ற குடும்பத்தின் நிலை நம் மொழிக்குப் புதிதல்ல. பத்தாண்டுப் போரில் ஒரு நாடே அந்த நிலைக்கு வந்திருந்தது. உதவி நிறுவனங்கள் விதையும் மண்வெட்டியும் கொடுத்தன. உறவினரிடம் கடன் வாங்கிய விதையும் கலந்தது. மேட்டில் காட்டை வெட்டி எரித்துப் புனம் செய்தார்கள், பள்ளத்தில் சதுப்பு வயல்களை மறுபடி திருத்தினார்கள். இயந்திரம் இல்லை, வங்கிக் கடன் இல்லை. துப்பாக்கி ஓய்ந்ததும் மனிதர்கள் தாங்களாகவே செய்த வேலை அது.

நகரத்தில் மீட்சிக்கு வேறு உருவம். ஆயுதத்தை ஒப்படைத்தவர்கள் 72,000 பேருக்கு மேல். தச்சு, தையல், கொத்து வேலை என்று சில மாதப் பயிற்சியும் ஒரு பெட்டிக் கருவியும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு சிறு நகரத்தில் எத்தனை தையல்காரர்களுக்கு வேலை இருக்கும்? பலர் கருவிகளை விற்றார்கள். ஆனால் போ, கெனெமா, மக்கேனி, கொய்டு ஊர்களில் முன்னாள் போராளிகள் பலர் மோட்டார் சைக்கிள் வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார்கள். அங்கே அதற்கு 'ஒகாடா' என்று பெயர். யாரும் திட்டமிடாமல் பிறந்த தொழில் இது. பேருந்தே போகாத ஊர்களுக்கு இவர்கள் போனார்கள், சந்தைக்கு மூட்டை ஏற்றினார்கள், பிரசவ வலி வந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். தங்களுக்குள் சங்கம் வைத்துக்கொண்டு போலீஸோடு பேரம் பேசவும் கற்றார்கள். பிறகு 'கெகே' என்ற மூன்று சக்கர வண்டிகளும் வந்தன. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து போனவை. பஜாஜோடு ஓசூரின் டிவிஎஸ்ஸும் அந்தச் சாலைகளில் பழகிய பெயர். சந்தையில் பெண்கள் 'ஒசுசு' என்ற முறையில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சுழற்சி முறையில் ஒருவருக்கு மொத்தமாகக் கொடுத்தார்கள். ஏலமில்லாத சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். வங்கி எட்டிப் பார்க்காத ஊர்களில் முதலீடு என்பது அதுதான்.

வைரத்துக்கும் நல்லது நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2000-இல் ஐ.நா. தடை, அதன் பின் சான்றிதழ் முறை, 2003-இலிருந்து ரத்த வைரத்தைச் சந்தைக்கு வராமல் தடுக்கும் சர்வதேசக் கிம்பர்லி ஏற்பாடு. கணக்கில் வந்த ஏற்றுமதி 2004-இல் 12.6 கோடி டாலர், 2005-இல் 14.2 கோடி டாலர். இதில் எனக்குப் பிடித்த யோசனை ஒன்று உண்டு. 3 சதவீத ஏற்றுமதி வரியில் கால் பங்கைத் தோண்டும் பகுதிகளுக்கே திருப்பித் தரும் நிதி அது. ஒரு பகுதியில் எத்தனை உரிமங்கள் பதிவாகியிருக்கின்றனவோ அதைப் பொறுத்துப் பங்கு கிடைக்கும். ஆகவே கள்ளத்தனமாகத் தோண்டுவதைத் தடுப்பதில் குடித்தலைவருக்கும் ஊருக்கும் ஆதாயம் வந்தது. சில ஆண்டுகளில் உரிமங்களின் எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழிருந்து இரண்டாயிரத்தைத் தாண்டியது. சில இடங்களில் பள்ளியும் சந்தையும் எழுந்தன, சில இடங்களில் பணத்துக்குக் கணக்கே இல்லை. முறைகேட்டுப் புகார்களால் நிதியை இடையில் நிறுத்தியும் வைத்தார்கள். குறை இருந்தாலும் சரியான திசை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் கனிமத்தை முதலில் தொடும் ஊரிலிருந்து தொடங்கிய ஒரே திட்டம் இது.

2004-இல் உள்ளாட்சி மன்றங்கள் திரும்பின. 2006-இல் ரூட்டைல் ஏற்றுமதி மறுபடி தொடங்கியது, அதே ஆண்டு இறுதியில் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதி தள்ளுபடியானது. 1975-இல் தொடங்கிப் போரில் நின்ற பும்புனா நீர்மின் திட்டம் 2009-இல் ஒருவழியாக 50 மெகாவாட் தரத் தொடங்கியது, அதுவும் மழைக்காலத்தில் மட்டும் முழுதாக.

பிறகு இரும்பு வந்தது. நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது, ஏனென்றால் "ஒழுங்காக விற்றால் போதாதா" என்ற கேள்விக்கு நேரடி விடை இங்கேதான் இருக்கிறது.

இரும்புத் தாதுவைச் சட்டைப் பையில் கடத்த முடியாது. ஒரு மலை, ஒரு நிறுவனம், ஒரு ரயில் பாதை, ஒரு துறைமுகம். கணக்குக்கு வசதியான கனிமம் என்றால் இதுதான். 1975-இல் மூடிய மரம்பா சுரங்கத்தை லண்டன் மைனிங் என்ற நிறுவனம் திறந்தது. தொங்கொலிலியில் ஆப்பிரிக்கன் மினரல்ஸ் சுமார் 200 கிலோமீட்டர் ரயில் பாதையைப் புதுப்பித்தும் புதிதாகப் போட்டும் பெப்பெல் துறைமுகம் வரை இணைத்தது. 2011 இறுதியில் கப்பல்கள் கிளம்பின. 2012-இல் வளர்ச்சி சுமார் 15 சதவீதம், 2013-இல் சுமார் 21 சதவீதம். உலகிலேயே வேகமாக வளரும் பொருளாதாரங்களில் ஒன்று என்று பாராட்டு. ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்தது என்ன? இயந்திரமும் டீசலும் வெளிநாட்டிலிருந்து வந்தன, தாது சீனாவுக்குப் போனது. முதலீட்டாளரை வரவைக்க அரசு கொடுத்த சலுகைகளால் வரி வருவாய் மெலிந்திருந்தது. லண்டன் மைனிங்கோடு போட்ட முதல் ஒப்பந்தத்தில் முதல் சில ஆண்டுகளுக்கு வருமான வரி 6 சதவீதம், சட்டப்படியான விகிதமோ அதைப்போலப் பல மடங்கு. வேலை கிடைத்தது சில ஆயிரம் பேருக்கு. நாட்டின் உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு கூடிய அந்த ஆண்டில், புனத்தில் நெல் விளைவித்த பெண்ணின் வரவு அப்படிக் கூடவில்லை.

2011 தொடக்கத்தில் டன் 180 டாலர் வரை போன இரும்புத் தாது, 2015 இறுதியில் 40 டாலருக்கு வந்தது. சீனாவில் கட்டுமானம் தளர்ந்ததும், ஆஸ்திரேலியாவும் பிரேசிலும் அள்ளிக் கொட்டியதும்தான் காரணம். ஃப்ரீடவுனில் யாரும் செய்த தவறு அல்ல. லண்டன் மைனிங் 2014 அக்டோபரில் திவாலானது, தொங்கொலிலி டிசம்பரில் நின்றது. அதே ஆண்டில் எபோலா. 14,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, இறந்தவர்கள் 3,956 பேர். வாரச் சந்தைகள் மூடப்பட்டன, மாவட்டங்கள் அடைக்கப்பட்டன, நாற்று நட ஆள் போக முடியவில்லை. 2015-இல் பொருளாதாரம் 20 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. போர் இல்லாமலே போர்க்கால வீழ்ச்சி. ஊழலே இல்லாத அரசாக இருந்திருந்தாலும் அந்த விலைச் சரிவு வந்தே இருக்கும். வேறுபாடு எங்கே என்றால், நல்ல விலை இருந்த மூன்று ஆண்டில் வரியை முறையாக வாங்கி ஒதுக்கி வைத்திருந்தால் வீழ்ச்சியின்போது மருத்துவமனைகளில் கையுறையாவது இருந்திருக்கும்.

அதன் பின் வந்த ஆண்டுகள் கலவையானவை. 2017 மார்ச்சில் கோனோவின் கொர்யார்டு கிராமத்தில் ஒரு பாதிரியாரின் ஆட்கள் 709 காரட் வைரத்தைக் கண்டெடுத்தார்கள். அவர் அதை எல்லை தாண்டி விற்காமல் அரசிடம் ஒப்படைத்தார். ஃப்ரீடவுனில் 77 லட்சம் டாலருக்கு மேல் வந்த ஏலக் கேள்வியை அரசு குறைவென்று நிராகரித்தது. டிசம்பரில் நியூயார்க்கில் அது 65 லட்சம் டாலருக்குத்தான் போனது. விலையில் பாதிக்கும் மேல் அரசுக்கும் ஊருக்குமாகப் பயன்பட ஏற்பாடு. ஒரு கல்லின் விலையை முன்கூட்டிச் சொல்வது அரசுக்கே இவ்வளவு கடினம் என்றால், இரண்டு கோப்பை அரிசிக்குத் தோண்டுகிறவனுக்கு எப்படி இருக்கும்?

2018-இல் வந்த மாடா பியோ அரசு பள்ளிக் கட்டணத்தை எடுத்தது. பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கல்விக்கு ஒதுக்கியது. இரும்பு உரிமங்களை ரத்து செய்து, வழக்காடி, 2021-இல் மரம்பாவில் 2 கோடி டாலரும் 10 சதவீதப் பங்கும் பெற்றது. முன்பு நடந்ததோடு ஒப்பிட்டால் இது நல்ல பேரம். ஆனால் உரிமம் ரத்தான காலத்தில் சுரங்கங்கள் நின்று வேலை போனவர்களும் உண்டு. கொரோனாவும் உக்ரைன் போரும் வந்தபோது எரிபொருளும் அரிசியும் கோதுமையும் விலை ஏறின. 2022 ஜூலையில் லியோன் நாணயத்தில் மூன்று சுழியங்களை வெட்டினார்கள். அது நோட்டு எண்ணுவதை எளிதாக்கியதே தவிர விலையைக் குறைக்கவில்லை. ஆகஸ்ட் 10 அன்று விலைவாசிக்கு எதிரான போராட்டத்தில் போலீஸாரும் பொதுமக்களும் உயிரிழந்தார்கள். 2023-இல் பணவீக்கம் 50 சதவீதத்தைத் தாண்டியது. தலைநகருக்கு மின்சாரம் தருவதில் பெரும்பங்கு துருக்கிய நிறுவனமொன்றின் மிதக்கும் மின்நிலையத்திடம் இருந்தது. கட்டணம் டாலரில். பாக்கி சேர்ந்தபோது விளக்கு அணைந்தது. 2024 ஏப்ரலில் மின்வெட்டு நீண்டதில் எரிசக்தி அமைச்சர் பதவி விலகினார்.

இவ்வளவுக்கும் நடுவில் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய முன்னேற்றம் ஒன்று உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரசவத்தில் தாய் இறப்பது உலகிலேயே அங்கேதான் மிக அதிகம் என்ற நிலை. 2010-இல் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் அறிவித்தார்கள். 2020-இல் லட்சம் பிரசவத்துக்கு 443 மரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்தது. இன்னும் மிக அதிகம்தான். ஆனால் இருபது ஆண்டுக்கு முன் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருக்கிறது. கனிமப் பணத்தில் இது நடக்கவில்லை. பிரிட்டனின் உதவியிலும், சொந்த வரியிலும், செவிலியர்களின் உழைப்பிலும் நடந்தது.

ஆகவே என் விடை இப்படி. ஊழல் குறைந்தால் நல்லதே நடக்கும், ஆனால் கனிமத்தால் மட்டும் அந்த நாடு மீளாது. ஆற்றுப்படுகை வைரத்தில் அரசுக்கு எடுக்க முடிவது கொஞ்சம், எனவே அங்கே இலக்கு வரி அல்ல, தோண்டுகிறவனுக்கு நியாயமான பங்கு. கல்லின் விலை தெரியச் செய்வதும், சப்போர்ட்டர் அல்லாத கடன் கிடைக்கச் செய்வதும்தான் வேலை. இரும்பிலும் ரூட்டைலிலும் எடுக்க முடிவது அதிகம், அங்கே ஒப்பந்தமே எல்லாம். சலுகையைத் தொடக்கத்திலேயே அள்ளிக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமத்தை ரத்து செய்வது இரண்டு பக்கமும் இழப்பு. இரண்டிலும் வருவதைக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய இடம் சதுப்பு வயலும், வயலிலிருந்து சந்தைக்குப் போகும் சாலையும், அரைவை ஆலையும். நெல்லுக்கென்று 1934-இலேயே ரொகுப்ரில் ஆராய்ச்சி நிலையம் பெற்ற நாடு ஆண்டுதோறும் பல கோடி டாலருக்கு அரிசி வாங்குகிறது. 2002-இல் ஜனாதிபதி கப்பா, 2007-க்குள் யாரும் பசியோடு உறங்கக் கூடாது என்று உறுதி சொன்னார். 2023-இல் பியோ 'ஃபீட் சலோன்' என்று மறுபடி தொடங்கியிருக்கிறார். சலோன் என்பது அந்த மக்கள் தங்கள் நாட்டைச் செல்லமாகச் சொல்லும் பெயர். இரண்டுக்கும் இடையே ஓடிய ஆண்டுகளில் அரசுகளின் கவனம் எப்போதும் அடுத்த சுரங்கத்தின் மேல்தான் இருந்தது.

என்னுடைய நம்பிக்கை இப்போது 2022-இல் வந்த நிலச் சட்டங்களின் மேல் இருக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பங்களின் முன்கூட்டிய சம்மதம் இல்லாமல் நிறுவனத்துக்கு நிலம் தர முடியாது என்றும், குடும்ப நிலத்தில் பெண்ணுக்கும் சம உரிமை என்றும் அவை சொல்கின்றன. முன்பு தெற்கே பனைத் தோட்டங்களுக்கு நிலம் குத்தகைக்குப் போனபோது வாடகையில் பாதிதான் நிலக்காரர்களுக்கு. மீதி குடித்தலைவர்களுக்கும் மாவட்ட மன்றத்துக்கும் மத்திய அரசுக்கும். சம்மதக் கையெழுத்தும் பெரும்பாலும் மேலிருந்தே போடப்பட்டது. புதிய சட்டத்தை ஊர்களில் உண்மையாக நடத்துகிறார்களா என்பதைத்தான் இனி நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கோனோவில் இன்று போனால் எங்கும் பழைய குழிகள். பச்சைத் தண்ணீர் தேங்கி, கொசு மொய்த்து, மாடுகளும் சில நேரம் குழந்தைகளும் விழும் குழிகள். தோண்டியபோது சரளை மேலே வந்து, நல்ல மண் அடியில் போய்விட்டது. உரிமக் கட்டணத்தோடு நிலச் சீரமைப்புக்கென்று ஒரு தொகை வாங்குகிறார்கள், ஆனாலும் பெரும்பாலான குழிகள் அப்படியே கிடக்கின்றன. சில கிராமங்களில் ஊராரே உதவி நிறுவனங்களோடு சேர்ந்து குழியை மேவி, மேலே நல்ல மண் பரப்பி, நெல்லும் காய்கறியும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பயிர் வந்தது. மண்வெட்டி பிடித்தவர்களில் பலர் அதே குழிகளைத் தோண்டியவர்கள்.